ஒற்றைச் சாளரத்தை நம்பி தேதி குறிக்கலாமா? ஓமலூர்ல யூனிட் போடப்போறவருக்கு ஒரு பதில்

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுகிட்டது இதுதாங்க. ஓமலூர் பக்கம் ரெண்டு ஏக்கர்ல மரவள்ளி சிப்ஸ், அப்பளம் போடற யூனிட் ஆரம்பிக்கணும், உங்க மச்சான் ஏற்காட்டுல காபி தோட்டத்துக்குள்ள பத்து காட்டேஜ் கட்டணும்னு இருக்கார், எல்லா அனுமதிக்கும் ஒரே இடத்துல விண்ணப்பிக்கற ஒற்றைச் சாளரம்னு கவர்மெண்ட் சொல்லுதே அது நிஜமாவே வேலையை வேகப்படுத்துதா, எப்படி வேகப்படுத்துது, இல்ல அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு மட்டும்தானான்னு கேட்டிருக்கீங்க. ஆனா உங்க மனசுல ஓடறது வேறன்னு நினைக்கிறேன். மெஷினுக்கு அட்வான்ஸ் குடுக்கலாமா, பேங்க் வட்டி ஓட ஆரம்பிச்சா தாங்குமா, அரசாங்கம் சொல்ற நாள் கணக்கை வச்சு நாம தேதி குறிக்கலாமா, அதானே? அதுக்குத்தான் பதில் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

நான் சிவில் டிப்ளமோ படிச்சவன். 2001லேர்ந்து சேலத்துல சின்ன யூனிட்டுங்களுக்கு பிளான் போட்டு, மாசு கட்டுப்பாட்டு வாரியம், டிடிசிபிங்கற நகர் ஊரமைப்புத் துறை, தீயணைப்பு, ஃபேக்டரி ஆபீஸ், பஞ்சாயத்துன்னு ஃபைல் கொண்டுபோய் முடிச்சுக் குடுக்கறதுதான் வேலை. ஜவ்வரிசி மில்லு, ரைஸ் மில்லு, லாரி பாடி கட்டற பட்டறை, சாயப்பட்டறைன்னு பாத்திருக்கேன். குவாரி, மேக்னசைட் மாதிரி சுரங்க ஃபைல் தொட்டதில்ல, அதனால அதைப் பத்தி பேசமாட்டேன். வக்கீலும் இல்ல, கோர்ட்ல நிக்கற சமாச்சாரம்னா வக்கீலைத்தான் பாக்கணும்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், இதுல எனக்கு சந்தேகமே கிடையாது. ஒரு பர்மிஷன் கைக்கு வர ஆகற காலத்துல, ஃபைல் ஆபீசர் டேபிள்ல இருக்கற நாள் ஒரு பங்குதான். மீதி நாள் ஃபைல் உள்ள போறதுக்கு முன்னாடியே போயிடுது, பட்டா பேர் மாத்தறது, உட்பிரிவு பண்றது, கூட்டுப் பட்டாவுல இருக்கற சித்தப்பா மகன்கிட்ட கையெழுத்து வாங்கறது, வண்டிப்பாதை யாருதுன்னு சர்வேயர் வந்து அளக்கறதுன்னு. அரசாங்கம் குறைக்கறேன்னு சொல்ற நாளெல்லாம் டேபிள் மேல இருக்கற நாள்தாங்க. அதுவும் எல்லாப் பேப்பரும் முழுசா சேர்ந்த அன்னைக்குத்தான் கணக்கே ஆரம்பிக்கும், நீங்க முதல் தடவை சப்மிட் பட்டன் அமுக்கின அன்னைக்கு இல்ல. ‘30 நாள்னாங்க, ஆறு மாசம் ஆச்சு’ன்னு புலம்பறவங்க ஃபைலை எடுத்துப் பாத்தா பாதிக்குமேல இந்த வித்தியாசத்துலதான் இருக்கும்.

இனி நம்ம மாநிலத்துல என்ன ஏற்பாடுன்னு சொல்றேன். தமிழ்நாடு தொழில் வணிகம் எளிதாக்கும் சட்டம் 2018ல வந்துச்சு, அதுக்கு முந்தின வருஷமே அவசரச் சட்டமா வந்தது. அதுல ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு அனுமதிக்கும் இத்தனை நாள்னு கெடு வச்சாங்க. பெரிய முதலீடுன்னா 1992ல ஆரம்பிச்ச கைடன்ஸ் நிறுவனம் பொறுப்பு, உங்கள மாதிரி சிறு குறு தொழில்னா மாவட்ட தொழில் மையம் பொறுப்பு, கலெக்டர் தலைமையில ஒரு கமிட்டி உக்காந்து நிலுவை ஃபைலையெல்லாம் கேக்கும். 2021ல ஒற்றைச் சாளரத்துக்கு ஆன்லைன்ல விண்ணப்பிக்கற போர்ட்டலையும் புதுசாக்கினாங்க. இதுல நான் கண்ணால பாத்த பெரிய மாற்றம் என்னன்னா ஃபைலுங்க ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நிக்காம ஒரே நேரத்துல நகர ஆரம்பிச்சது. நான் தொழிலுக்கு வந்தப்போ தீயணைப்புத் துறையோட என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வந்தாத்தான் பிளான் பாப்பேன்னு ஒரு ஆபீஸ், பிளான் வந்தாத்தான் நான் பாப்பேன்னு இன்னொரு ஆபீஸ், நடுவுல நாம பைக்ல சுத்திகிட்டே இருப்போம். இப்போ ஒரே நேரத்துல எல்லா இடத்துக்கும் போகுது, எங்க நிக்குதுன்னு போன்லயே தெரியுது. யாரையும் காக்கா பிடிக்காம ஃபைல் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கறதே எங்க தொழில்ல பெரிய விஷயங்க.

பெரிய கம்பெனிக்கு மட்டும்தானான்னா, பாதி ஆமாம். பெரிய முதலீடு வந்தா ஒரு ஆபீசரையே கூட அனுப்பி ஒவ்வொரு துறையிலயும் பேசி முடிச்சுக் குடுக்கறாங்க, தேவைப்பட்டா அமைச்சரவை வரைக்கும் போய் தனிச் சலுகையே வாங்கிக் குடுக்கறாங்க. உங்களுக்கு அப்படி யாரும் கூட வரமாட்டாங்க. ஆனா மாவட்ட தொழில் மையத்துல மேனேஜரை நேரா போய்ப் பாத்தீங்கன்னா உங்க ஃபைல் கமிட்டி அஜெண்டாவுல ஏறும், அது ஏறினாலே சம்பந்தப்பட்ட துறை பதில் சொல்லித்தான் ஆகணும். இதை ஏனோ நம்ம ஊர் ஆளுங்க பயன்படுத்தறதே இல்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். ஆன்லைன்ல போட்டுட்டு உக்காந்துடறாங்க.

வேகப்படுத்தறதுக்கு அரசாங்கத்துகிட்ட இருக்கறதுல ரொம்பப் பழசும், என் அனுபவத்துல ரொம்ப நல்லா வேலை செய்யறதும், போர்ட்டல் இல்லீங்க, தொழிற்பேட்டை. இதை அமைக்கற மாநில அரசு நிறுவனங்கள் சிட்கோ 1970லயும் சிப்காட் 1971லயும் வந்துச்சு. அங்க நில வகைப்பாடு, ரோடு, கரண்ட், சில பேட்டையில சுற்றுச்சூழல் அனுமதி வரைக்கும் மொத்தமா முதல்லயே முடிச்சு வச்சிருப்பாங்க, நாம போய் பிளாட் எடுத்து ஷெட் போடறதுதான் பாக்கி. மத்திய அரசோட 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைலயே ஒப்புதல் வாங்கின தொழிற்பேட்டைக்குள்ள வர்ற யூனிட்டுக்கு மக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம்னு விலக்கு இருக்கு. உங்களுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். சொந்த நிலம்னு ஒரு பாசம் இருக்கும், இல்லேங்கல, ஆனா ஒரு வருஷம் வட்டி கட்டறதையும் பேட்டையில பிளாட் வாங்கற விலையையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்துட்டு முடிவெடுங்க.

இன்னொரு வழி, அனுமதியே வேண்டாம்னு எடுத்துடறது. தொழிலை மாசு அளவை வச்சு கலர் கலரா வகை பிரிச்சிருக்காங்க, அதுல மாசு குறைவான வெள்ளை வகை தொழிலுக்கு, ஆரம்பிக்கவும் ஓட்டவும் வாரியம் தர்ற ரெண்டு கன்சென்ட்டும் (இசைவு) தேவையில்லன்னு 2024 நவம்பர்ல மத்திய அரசே அறிவிச்சிடுச்சு. கேரளா, ராஜஸ்தான் ரெண்டும் 2019லயே சட்டம் போட்டு, சிறு தொழில் ஆரம்பிக்கறவங்க ஒரு உறுதிமொழி குடுத்து ரசீது வாங்கிட்டா மூணு வருஷத்துக்கு மாநில லைசென்ஸ் பலதும் இல்லாமலே ஓட்டலாம், அப்புறம் வாங்கிக்கலாம்னு பண்ணாங்க. தையல் யூனிட், பேக்கிங் யூனிட் மாதிரிக்கு இது சரிதான். ஆனா தண்ணி அதிகமா புழங்கற தொழிலுக்கு இதை நீட்டக்கூடாதுங்கறது என் கருத்து, அதுல நான் உறுதியாவே இருக்கேன். நம்ம சேலத்துல ஓடற திருமணிமுத்தாறு ஓரம் நடந்து பாத்தவங்களுக்கு ஏன்னு சொல்லவே வேண்டாம். சாயக் கழிவும் மரவள்ளி அரைச்ச தண்ணியும் அந்த ஆத்தை என்ன பண்ணுச்சுன்னு நாம எல்லாரும் பாத்துகிட்டேதான் இருந்தோம். தப்பான இடத்துல யூனிட் வந்துட்டா மூணு வருஷம் கழிச்சு லைசென்ஸ் இல்லன்னு சொல்லி மூடவும் முடியாது, அதுக்குள்ள நாப்பது பேர் அங்க வேலைக்குச் சேந்திருப்பாங்க. அதே நேரத்துல நம்ம ஜவ்வரிசி மில்லு பலதும் அந்தக் கழிவுத்தண்ணியிலயே பயோகேஸ் எடுத்து எரிபொருளுக்கு வச்சுகிட்டாங்க, வாரியம் கேட்டதாலயும் விறகுச் செலவு மிச்சமானதாலயும் சேந்து நடந்த நல்ல விஷயம் அது. கேள்வி கேக்க ஆளே இல்லன்னா அதுவும் நடந்திருக்காதுன்னு நினைக்கிறேன்.

அடுத்து ‘கெடுவுக்குள்ள பதில் சொல்லலைன்னா அனுமதி கிடைச்சதா அர்த்தம்’ங்கற ஏற்பாடு. இது புதுசுன்னு நினைக்காதீங்க. 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட்லயே மூணு மாசத்துல பதில் இல்லன்னா பிளான் அனுமதிச்சதா அர்த்தம்னு இருந்துச்சு. 1974 தண்ணீர் சட்டம் 25வது பிரிவுல நாலு மாசத்துல குடுக்கவும் இல்ல மறுக்கவும் இல்லன்னா கன்சென்ட் கிடைச்சதா அர்த்தம்னு இருக்கு, ஆனா அந்த வரியிலயே ‘எல்லா வகையிலும் முழுமையான விண்ணப்பம்’னு ஒரு நிபந்தனை இருக்கு, ஆபீஸ்ல ஒரு கேள்வி கேட்டுட்டா முழுமையில்லன்னு ஆயிடும். இதுல நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன், உங்களுக்கு உதவும்னு சொல்றேன். பல வருஷம் முன்னாடி ஒரு கிளையண்ட்டுக்கு நாலு மாசம் தாண்டிடுச்சு, சட்டப்படி கன்சென்ட் வந்த மாதிரிதான், தைரியமா ஷெட் போடுங்கன்னு சொல்லிட்டேன். அவர் பேங்க்ல ரெண்டாவது தவணை கேக்கப் போனார், மேனேஜர் கன்சென்ட் பேப்பரைக் குடுங்கன்னார். சட்டப் பிரிவை எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன், அவர் மரியாதையாவே சொன்னார், எங்க ஆடிட்டர் பிரிவை ஏத்துக்கமாட்டார், பேப்பர்தான் வேணும்னு. பேப்பர் வர இன்னும் மூணு மாசம் ஆச்சு, அந்த மூணு மாச வட்டி அவர் வீட்டு நகையில போச்சு. அன்னையிலேர்ந்து நான் யார்கிட்டயும் அந்தப் பிரிவை நம்பி கடப்பாறையை எடுங்கன்னு சொல்றதில்ல. அப்படி கெடு தாண்டினா உடனே சிஸ்டமே கையெழுத்தோட ஒரு சான்றிதழ் தயார் பண்ணிக் குடுத்தாத்தான் இந்த ஏற்பாட்டுக்கு மதிப்பு, பேங்க்கும் ஈபியும் வாங்கிக்கற பேப்பரா அது இருக்கணும்.

சில இடத்துல ஆபீசருக்கே அபராதம்னு வச்சாங்க. தெலங்கானாவுல 2014 சட்டத்துல பெரிய திட்டத்துக்கு 15 நாள், மத்ததுக்கு 30 நாள், தாமதமாக்கின ஆபீசருக்கு நாளுக்கு 1000 ரூபாய்னு போட்டாங்க. அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல 2023லேர்ந்து வேற மாதிரி, சொன்ன நாளுக்குள்ள முடிவு சொல்லலைன்னா கட்டின ஃபீஸைத் திருப்பிக் குடுத்துடறாங்க. எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு. காரணம், தனி ஆளுக்கு அபராதம்னு பயமுறுத்தினா அவர் கெடு முடியற அன்னைக்கு சாயந்திரம் ஒரு கேள்வியைப் போட்டு ஃபைலைத் திருப்பி அனுப்பிடுவார். நாள் கணக்கு மறுபடி முதல்லேர்ந்து, ரிப்போர்ட்ல தாமதம் ஜீரோ. அபராதமே இல்லாத நம்ம மாவட்டத்துலயே கெடுவுக்கு இப்படி ஒரு பக்கவிளைவு இருக்கு, நான் பாத்திருக்கேன். இதை எழுதறப்போ அந்த டேபிள்ல உக்காந்திருக்கறவங்களையும் நினைச்சுக்கணும், ஒரே இன்ஜினியர் ரெண்டு மூணு தாலுகா பாத்துகிட்டு, அதுக்கு நடுவுல கோர்ட் கேஸ், புகார் ஆய்வுன்னு ஓடுவார். ஆளைப் போடாம கெடுவை மட்டும் சுருக்கினா ஒண்ணு கேள்வி போட்டுத் திருப்புவார், இல்ல பாக்காமலே கையெழுத்துப் போடுவார். ரெண்டாவதுதான் ஆபத்து.

மாநில அரசு எவ்ளோ நினைச்சாலும் வேகப்படுத்த முடியாத இடமும் இருக்கு. சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படற திட்டம்னா அதோட நேரம் 2006 மத்திய அறிவிக்கைல இருக்கு, நிபுணர் கமிட்டி பரிசீலனைக்கு 60 நாள், அனுமதி குடுக்கற ஆணையம் முடிவு சொல்ல 45 நாள், ஆக 105 நாள். மாநில அளவு ஆணையத்தோட பதவிக்காலம் 3 வருஷம், அது முடிஞ்சு புது ஆணையம் போட தாமதம் ஆச்சுன்னா ஃபைல் அப்படியே நிக்கும். உங்க ரெண்டு ஏக்கர் சிப்ஸ் யூனிட்டுக்கு இது வராது, கட்டடம் 20,000 சதுர மீட்டர் தாண்டினாத்தான் அந்தப் பேச்சு. ஆனா உங்களுக்கு யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. ஓமலூர் பக்கம்னு சொன்னீங்க, காமலாபுரத்துலதான் சேலம் ஏர்போர்ட் இருக்கு. பாய்லர் வச்சா புகைக்கூண்டு வரும், வாரியம் கூண்டு உயரமா வேணும்னு கேக்கும், ஏர்போர்ட் சுத்துவட்டாரத்துல உயரத்துக்கு கட்டுப்பாடு, அதுக்கு என்ஓசி இந்திய விமான நிலைய ஆணையத்துகிட்ட வாங்கணும், அது ஒற்றைச் சாளரத்துக்கு வெளிய. நிலம் எந்த இடத்துல விழுதுன்னு முதல்லயே அந்த உயரக் கட்டுப்பாட்டைக் காட்டற கலர் மேப்ல பாத்துடுங்க.

வேகம்னு பேசறப்போ நம்ம ஊர் எட்டு வழிச்சாலையை மறக்க முடியாது. 2018ல அறிவிச்சாங்க, சென்னை டு சேலம் 277 கிலோமீட்டர், ஏறக்குறைய 10,000 கோடி. மத்திய அரசுத் திட்டம்தான், ஆனா நிலம் எடுக்கற வேலையை மாநில வருவாய்த் துறை பண்ணுச்சு, எவ்ளோ வேகமா பண்ணாங்கன்னு பூலாவரி, குப்பனூர் ஆளுங்களைக் கேட்டா சொல்வாங்க, போலீசோட வந்து கல்லு நட்டாங்க. 2019 ஏப்ரல்ல ஹைகோர்ட் நிலம் எடுக்கற அறிவிப்பை ரத்து பண்ணுச்சு, 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் திட்டத்தைத் தொடரலாம்னுச்சு, ஆனா சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும்னுச்சு. ரோடு வரல. திட்டம் சரியா தப்பாங்கற சண்டைக்கு நான் வரல, ஆனா ஜனங்ககிட்ட முதல்லயே உக்காந்து பேசியிருந்தா ஆகற நாளை விட கோர்ட்ல போன நாள் ரொம்ப அதிகம். சின்ன அளவுல இதேதான் உங்களுக்கும். பக்கத்து தோட்டத்துக்காரர்கிட்ட கழிவுத்தண்ணி எங்க போகும்னு நீங்களே முதல்ல போய்ச் சொல்லிடுங்க. அவர் கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு குடுத்தா எந்தச் சாளரமும் உங்களைக் காப்பாத்தாது.

இப்போ மச்சான் விஷயம். ஏற்காட்டுக் கணக்கே வேறங்க, சமவெளி நாள் கணக்கை அங்க கொண்டுபோகாதீங்க. 1990லேர்ந்து மலைப்பகுதி பாதுகாப்புக்குன்னு ஹாகான்னு ஒரு அமைப்பு இருக்கு, சேர்வராயன் மலை கிராமங்கள் அதோட பட்டியல்ல வருது. அங்க நில உபயோகத்தை மாத்தணும்னா வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத்துறை, கலெக்டர்னு தனித்தனியா கருத்து வாங்கணும். சரிவு எவ்ளோ, மண்ணு நிக்குமா, ஓடை எங்க போகுதுன்னு பாப்பாங்க. மரம் வெட்ட 1955 மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் வேற, சில்வர் ஓக் நாம நட்டதுதானேன்னு சொல்லி வெட்ட முடியாது. இந்தத் தாமதம் வேணும்னே வச்ச தாமதம், அதைக் குறைக்கணும்னு யார் சொன்னாலும் நான் ஒத்துக்கமாட்டேன். 2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழையில மலைப்பாதை சரிஞ்சு போக்குவரத்து நின்னுச்சே, மேல இருக்கற ஜனங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு எறங்கக்கூட சுத்திப் போக வேண்டிய நிலைமை. ஒரு காட்டேஜுக்காக சரிவை வெட்டி லெவல் பண்ணா அது அவரோட தோட்டத்தோட நிக்காது, கீழ இருக்கற வீட்டு மேல வந்து விழும். ஆனா அதே ஏற்காட்டுல மலையில வாழற மலையாளி பழங்குடிக் குடும்பம் ஒண்ணு சொந்த நிலத்துல குடியிருக்க ரெண்டு ரூம் கட்டணும்னாலும் இதே மாதிரி அலையறாங்க பாருங்க, அது நியாயமில்ல. அங்க அரசாங்கம் வேகப்படுத்தணும்னா அந்தச் சின்ன வீடுகளைத் தனியா பிரிச்சு முதல்ல முடிச்சுக் குடுக்கணும்.

இப்படி வேகப்படுத்தினா தொழில் கூடுதலா வருமாங்கறது எனக்கு சந்தேகமாவே இருக்கு. ஒரு கம்பெனி இங்க வர்றதுக்கு பர்மிஷன் வேகம் எவ்ளோ காரணம், ஆள் கிடைக்கறது, தண்ணி, கரண்ட், பக்கத்துல சப்ளையர் இருக்கறது எவ்ளோ காரணம்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். கோயம்புத்தூர், ஓசூர், திருச்சி, சென்னையோட சேலத்தையும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துல சேத்து 2019ல ஆரம்பிச்சு வச்சாங்க, சட்டமும் போர்ட்டலும் அஞ்சு ஊருக்கும் ஒண்ணுதான், ஆனா ஓசூர் பக்கம் வந்த அளவு தொழில் நம்ம பக்கம் வரல. போர்ட்டல்ல காட்டற சராசரி நாளையும் நான் முழுசா எடுத்துக்கறதில்ல, திருப்பி அனுப்பின ஃபைலோட நாள் அதுல எப்படி கணக்காகுதுங்கறதைப் பொறுத்து அது மாறும்.

உங்களுக்கு நான் சொல்றது, மெஷினுக்கு இப்போ அட்வான்ஸ் குடுக்காதீங்க. முதல்ல வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (சர்வே வரைபடம்) மூணுலயும் சர்வே நம்பர் உட்பிரிவோட ஒண்ணா இருக்கான்னு பாருங்க, 112/3ன்னு பட்டாவுல இருந்து 112/3ஏன்னு பிளான்ல இருந்ததுக்காகவே நாலு மாசம் நின்ன ஃபைல் என்கிட்ட இருந்துச்சு. நிலத்துக்குள்ளயோ வரப்பு ஓரத்துலயோ வாய்க்கால், ஓடைப் புறம்போக்கு இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த இடத்தை விட்டுத்தான் பிளான் போடணும். உங்க பிர்கா, அதாவது பல கிராமம் சேர்ந்த வருவாய் வட்டாரம், நிலத்தடி நீர் பட்டியல்ல எந்த வகையில வருதுன்னு கேளுங்க, நம்ம மாவட்டத்துல நிறைய பிர்கா அளவுக்கு மீறி உறிஞ்சினதுல வருது, போர் போட்டு தண்ணி எடுக்கற யூனிட்டுன்னா அங்கயே முடிவு தெரிஞ்சிடும். அப்புறம் எத்தனை லிட்டர் கழிவுத்தண்ணி, பாய்லர்ல விறகா கேஸான்னு ஒரு பக்கத்துக்கு எழுதிகிட்டு வாரியத்துல நேரா போய் எந்தக் கலர் வகைன்னு கேட்டுக்குங்க, விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே கேக்கலாம், தப்பான வகையில போட்டா மறுபடி முதல்லேர்ந்து. இதெல்லாம் கையில வந்தப்புறம் போர்ட்டல்ல ஏத்துங்க, அப்போ அவங்க சொல்ற நாளுக்குள்ள கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு, நானே அப்படி வாங்கிக் குடுத்திருக்கேன். பேங்க்ல கேக்கறப்போ மொரட்டோரியம், அதாவது தவணை கட்டத் தேவையில்லாத காலம், கன்சென்ட் வர்ற தேதியிலேர்ந்து கணக்காகற மாதிரி கேட்டுப் பாருங்க, எல்லா மேனேஜரும் ஒத்துக்கமாட்டாங்க, ஆனா கேட்டவங்களுக்கு சிலருக்குக் கிடைச்சிருக்கு. மச்சான்கிட்ட, தோட்டத்து ஓனருக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கிராமத்து பேரையும் சர்வே நம்பரையும் எடுத்துகிட்டு சேலத்துல டிடிசிபி ஆபீசுக்கு ஒரு நடை போயிட்டு வரச் சொல்லுங்க.